வயர் இல்லாத கன்ட்ரோலரும் தாத்தாவின் லைசென்ஸ் புத்தகமும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எல்லாம் பொங்கல் லீவில் ஆரம்பித்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், செகண்ட் ஹேண்டில் ஒரு எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கி வந்திருந்தார். கூடவே வயர் இல்லாத கன்ட்ரோலர். இரண்டு பென்சில் செல் போட்டு நடு பட்டனை அழுத்தினோம். பச்சை விளக்கு மின்னியதே தவிர டிவியில் ஒன்றும் அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த தாத்தா கேட்டார்: "ஏன்டா, இதுக்கு லைசென்ஸ் எடுத்தீங்களா?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, தாத்தா கேட்டது நியாயமான கேள்வி!

வயர் இல்லாமல் தூரத்தில் உள்ள பொருளை இயக்குவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் மின்காந்த அலையை அனுப்பி, தள்ளி இருந்த மணியை ஒலிக்க வைத்தார், வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். 1898இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ஒரு குட்டிப் படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். இன்றைய கன்ட்ரோலருக்கு இவர்கள்தான் தாத்தாக்கள்.

ஆனால் சட்டம் வேறு பக்கம் போனது. 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று ஆனது. அலையை அனுப்பும் கருவி என்றால் சிறைத் தண்டனை வரை உண்டு என்று பின்னர் திருத்தமும் வந்தது. வீட்டு ரேடியோ பெட்டிக்குக் கூட வருடா வருடம் தபால் ஆபீஸில் பணம் கட்டி, புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அந்தக் கட்டணம் 1980களில்தான் ஒழிந்தது. தாத்தாவின் பெட்டியில் அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது.

நம் கன்ட்ரோலரோ பட்டனை அழுத்தும்போதெல்லாம் அலை அனுப்புகிறது. யோசித்துப் பாருங்கள், பழைய கணக்கில் அது ஒரு ரேடியோ நிலையம்!

மாற்றம் எப்படி வந்தது? மைக்ரோவேவ் அடுப்புகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் எப்போதும் இரைச்சல். அதனால் பெரிய தகவல் தொடர்புக்கு அது அவ்வளவாக உதவாது. 1985இல் அமெரிக்கா இந்தப் பகுதியைப் புதுவகைத் தகவல் தொடர்புக்கு லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. வைஃபை, ப்ளூடூத் எல்லாம் அங்கே குடியேறின. 2002இல் நின்டெண்டோவின் வேவ்பேர்ட் கன்ட்ரோலரும் வந்தது.

இந்தியாவில் 1995இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது: வான் அலைகள் பொதுச் சொத்து. அந்த வழக்கு எதிலிருந்து வந்தது தெரியுமா? கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறிலிருந்து! கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து, 28 ஜனவரி 2005 அன்று வெளியான விதிகள் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

சரி, எங்கள் கன்ட்ரோலருக்கு என்ன ஆச்சு? பொது இடத்தில் எல்லாரும் பேசும்போது யார் பேச்சை யார் கேட்பது? அதனால் இரண்டையும் முதலில் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். எங்களுடையது பழைய சொந்தக்காரரின் பெட்டியோடு பழகியது போலிருக்கிறது. பெட்டியின் முன்னால் உள்ள சின்ன இணைப்பு பட்டனை அழுத்திவிட்டு, 20 நொடிக்குள் கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் உள்ள இணைப்பு பட்டனையும் அழுத்தினோம். விளக்கு சுற்றி, ஒரு கால் பகுதி மட்டும் நின்று எரிந்தது. அதுதான் முதல் ஆட்டக்காரர் என்பதற்கு அடையாளம். இப்படி நான்கு கன்ட்ரோலர் வரை சேர்க்கலாம்.

பொதுச் சொத்து என்றாலே இலவசம் என்று நினைத்திருந்தேன். இல்லை. யாரோ ஒருவர் வேலியை எடுத்தால்தான் அது நம் கைக்கு வருகிறது. 1933இல் போட்ட வேலியில் ஒரு சின்ன வாசல் திறக்க 72 வருடம் ஆகியிருக்கிறது.

தாத்தாவிடம் லைசென்ஸ் வேண்டாம் என்று விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. "எதுக்கும் பில்லைப் பத்திரமா வை" என்றார்.