நாமினி வாங்கலாம்; வாரிசுகளுக்கே சொந்தம்

குடும்பத்தில் ஒருவர் மவ்த்தாகிவிட்டால், வங்கியில் அவர் விட்டுச்சென்ற பணத்தைப் பெற நீதிமன்றம் போயே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அது தேவையில்லை.

நாமினி இருந்தால் விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவை போதும். நாமினி இல்லாவிட்டாலும் எளிய வழி உண்டு. ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையும் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்கப்படாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் அல்லது குடும்பத்தை நன்கறிந்த, பங்கில் சம்பந்தமில்லாத ஒருவரின் உறுதிமொழி வேண்டும். அத்துடன் பணம் பெறுவோரின் பிணைப்பத்திரமும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் தர வேண்டும். வாரிசுகளுக்குள் தகராறு என்றால் நீதிமன்றம்தான் வழி.

கவனிக்க வேண்டியவை

1. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்லர். ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

2. வங்கியில் சகோதரி இடும் கையெழுத்து, பணத்தை அண்ணன் வாங்கிவரத் தரும் சம்மதம். அவள் மனமுவந்து விட்டுக்கொடுக்காத வரை அவளுடைய பங்கு அவளுக்கே உரியது. கடிதத்தை முழுதும் படித்த பிறகே அவள் கையெழுத்திட வேண்டும்.

3. உறுதிமொழியில் தாயையோ, வேறு மனைவியின் பிள்ளைகளையோ விட்டுவிடுவது பொய் சாட்சி. சட்டத்திலும் குற்றம், மார்க்கத்திலும் பெரும்பாவம்.

பங்கிடும் முறை

கஃபன், அடக்கச் செலவு முதலில், அடுத்து கடன். மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹரும் கடனே. பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத். மீதியே வாரிசுகளுக்கு (அந்நிஸா 4:11, 12).

இவை போக 4,80,000 ரூபாய் மீதம் இருக்கிறது. தாய், மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் மட்டும் வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று: 60,000. தாய்க்கு ஆறில் ஒன்று: 80,000. எஞ்சிய 3,40,000-இல் மகனுக்கு 1,70,000. மகள்கள் ஒவ்வொருவருக்கும் 85,000.

வாரிசுகளில் சிறுவர் இருந்தால் அவர்களின் பங்கை எவரும் விட்டுக்கொடுக்க முடியாது. அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று குர்ஆன் (4:10) எச்சரிக்கிறது.

வங்கி 15 நாட்களில் கணக்கை முடித்துவிடும். மறுமைக் கணக்கு அப்படி முடியாது. உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிடும் நல்லவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!