பார்வையைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களும் கொச்சைச் சொற்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பார்த்தல் என்னும் செயலைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘லுக்’, ‘சீ’, ‘வாட்ச்’ முதலிய பொதுச்சொற்கள் உள்ளன. இவை தவிர, பேச்சில் மட்டும் புழங்கும் கொச்சைச் சொற்களும் மரபுத்தொடர்களும் பல உண்டு. அவற்றுள் சிலவற்றுக்குப் புகழ்பெற்றவர்களைப் பற்றிய தோற்றக்கதைகள் சொல்லப்படுகின்றன. வேறு சிலவோ பெயர் தெரியாத போர்வீரர்களும் தெரு வியாபாரிகளும் வழங்கியவை. இவ்விரு வகைச் சொற்களின் வரலாற்றையும், தோற்றக்கதைகளைச் சோதித்து அறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நெல்சனின் பார்வையற்ற கண்

‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்பது கண்டும் காணாதது போல் இருத்தலைக் குறிக்கும் தொடர். இதைக் கடற்படைத் தளபதி ஹொரேஷியோ நெல்சனோடு இணைத்துச் சொல்வது வழக்கம். 1794இல் கோர்சிகா தீவின் கால்வி நகர முற்றுகையில் நெல்சனின் வலது கண் காயமடைந்து பார்வையை இழந்தது. 1801 ஏப்ரல் 2 அன்று நடந்த கோபன்ஹேகன் போரில், தாக்குதலை நடத்தும் பொறுப்பு அவரிடம் இருந்தது. தலைமைத் தளபதி சர் ஹைட் பார்க்கர் சற்றுத் தொலைவில் நின்றார். ஆங்கிலேயக் கப்பல்களில் மூன்று தரைதட்டியிருந்த நிலையில், போரை நிறுத்தும்படி பார்க்கர் கொடி அடையாளம் காட்டினார். நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்து, அந்த அடையாளம் தமக்குத் தெரியவில்லை என்று கூறிப் போரைத் தொடர்ந்தார் என்பது கதை. அன்று ஆங்கிலேயருக்கே வெற்றி கிடைத்தது.

இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் வெளிவந்த வாழ்க்கை வரலாறுகள் பரப்பின. 1813இல் ராபர்ட் சதே எழுதிய நெல்சன் வரலாறு அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. ஆனால் ‘குருட்டுக் கண்ணைத் திருப்புதல்’ என்னும் பேச்சு 1801க்கு முன்பே ஆங்கில அச்சு நூல்களில் காணப்படுகிறது. ஆகவே, ஏற்கெனவே இருந்த ஒரு தொடருக்கு நெல்சன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஆனார். அதை அவர் உருவாக்கவில்லை.

கோடைவாவும் பீப்பிங் டாமும்

பிறரை ஒளிந்திருந்து பார்ப்பவனை ஆங்கிலத்தில் ‘பீப்பிங் டாம்’ என்பர். இதன் பின்னணி இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரக் கதை. மெர்சியாவின் பிரபு லியோஃப்ரிக் மக்கள் மீது சுமத்திய வரியை நீக்கும்படி அவர் மனைவி கோடைவா வேண்டினார். ஆடையின்றிக் குதிரை மீது ஊரைச் சுற்றி வந்தால் நீக்குவதாக அவர் சொல்ல, கோடைவா அவ்வாறே செய்தார். மக்கள் கதவடைத்து வீட்டுக்குள் இருந்தனர். டாம் என்பவன் மட்டும் எட்டிப் பார்த்துக் கண்ணிழந்தான் என்பர்.

கோடைவா 11ஆம் நூற்றாண்டில் உண்மையில் வாழ்ந்தவர். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் அவர் பெயர் உள்ளது. ஆனால் குதிரைச் சவாரிக் கதையைச் சொல்லும் ரோஜர் ஆஃப் வெண்டோவர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துறவி. அவர் குறிப்பில் டாம் இல்லை. டாம் இக்கதைக்குள் நுழைவது 17ஆம் நூற்றாண்டில்தான். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் கதையின் முழு வடிவத்துக்கும் இடையே சுமார் 600 ஆண்டுகள் உள்ளன.

சோதிக்கும் முறை

ஒரு தோற்றக்கதையைச் சோதிக்க எளிய வழி, சொல் முதலில் எழுத்தில் வந்த காலத்தையும் நிகழ்ச்சியின் காலத்தையும் ஒப்பிடுவது. நிகழ்ச்சிக்கு முன்பே சொல் இருந்தால் கதை தோற்றக்காரணம் ஆகாது. நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே சொல் தோன்றினால் கதையை ஐயத்தோடு அணுக வேண்டும். இம்முறைக்குப் பெரிதும் உதவுவது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884இல் அதன் முதல் பகுதி வெளிவந்தது. 1928இல் முதற்பதிப்பு நிறைவடைந்தது. பள்ளி ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் மர்ரே அதன் ஆசிரியர்களுள் முதன்மையானவர். தன்னார்வலர்கள் பலர் நூல்களைப் படித்து, சொல் வரும் வரியையும் ஆண்டையும் சீட்டுகளில் எழுதி அனுப்பினர்.

இந்தியாவிலிருந்து சென்ற ‘டெக்கோ’

‘ஹேவ் எ டெக்கோ’ என்றால் ‘ஒரு பார்வை பார்’ என்று பொருள். ‘பார்’ என ஏவும் ‘தேக்கோ’ என்னும் இந்திச் சொல்லே இதன் மூலம். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயப் படைவீரர்கள், சிப்பாய்களிடமும் பணியாளர்களிடமும் கடைவீதியிலும் தினமும் கேட்ட சொல் இது. அவர்கள் ஊர் திரும்பியபோது சொல்லும் உடன் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது படையினரின் கொச்சை வழக்காக ஆங்கிலத்தில் இடம்பெற்றது. எளிதான வேலையைக் குறிக்கும் ‘குஷி’, தாயகமான பிரிட்டனைக் குறிக்கும் ‘பிளைட்டி’ ஆகியவையும் இவ்வழியே சென்றவை. ஏவல் வினையாகிய ‘தேக்கோ’, ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் ஆகிவிட்டது கவனிக்கத்தக்கது.

பாலைவனமும் போர்க்களமும்

‘ஷுஃப்தி’ என்பதும் ஒரு பார்வை என்றே பொருள்படும். இது ‘பார்த்தாயா’ என வினவும் பேச்சு அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எகிப்து முதலிய நாடுகளில் இருந்த பிரிட்டிஷ் வான்படையினர் இதை வழங்கினர். இரண்டாம் உலகப்போரின் வட ஆப்பிரிக்கச் சண்டைகள் இதைப் பரவலாக்கின. பிரெஞ்சு வழி வந்த ‘ரெக்கனைசன்ஸ்’ என்னும் நீண்ட இராணுவச் சொல், வீரர்கள் வாயில் ‘ரெக்கி’ எனச் சுருங்கியது. இன்று படப்பிடிப்பு இடங்களை முன்கூட்டிப் பார்வையிடும் திரைப்படக் குழுவினரும் இச்சொல்லையே பயன்படுத்துகின்றனர்.

இலண்டன் தெரு வழக்கு

இலண்டனின் கிழக்குப் பகுதி மக்களிடம் இயைபுக் கொச்சை என்னும் வழக்கு உண்டு. சொல்ல வந்த சொல்லோடு ஈற்றோசை ஒத்து வரும் ஒரு தொடரைத் தேர்ந்து, பிறகு ஓசை ஒத்த அந்தப் பகுதியையே விட்டுவிடுவர். ‘லுக்’ என்பதற்கு இயைபாக ‘புச்சர்ஸ் ஹுக்’, அதாவது இறைச்சிக் கடைக்காரரின் கொக்கி. பிறகு ‘ஹுக்’ நீங்கி, ‘ஹேவ் எ புச்சர்ஸ்’ என்றாலே ‘ஒரு பார்வை பார்’ என்றாயிற்று. இவ்வழக்கைத் தெரு வியாபாரிகளோடு தொடர்புபடுத்தி 1859ஆம் ஆண்டிலேயே ஜான் கேம்டன் ஹாட்டன் தம் கொச்சைச்சொல் அகராதியில் பதிவு செய்தார். இயைபு முறையைக் கையாண்ட ஆஸ்திரேலியர், 1770இல் தங்கள் கிழக்குக் கரைக்கு வந்த மாலுமியின் பெயரால் பார்வையைக் ‘கேப்டன் குக்’ என்றனர்.

நீளும் கழுத்துகள்

அமெரிக்க வழக்குகள் கண்ணைவிடக் கழுத்தைக் கவனிக்கின்றன. வேடிக்கை பார்க்கக் கழுத்தை ரப்பர் போல நீட்டுபவர் ‘ரப்பர்நெக்’. 1890களில் தோன்றிய இச்சொல், விரைவில் நியூயார்க் நகரைச் சுற்றிக் காட்டிய வண்டிகளுக்கும் பெயரானது. இன்று சாலை விபத்தை எட்டிப் பார்த்தபடி வண்டியோட்டும் பழக்கத்தையும் குறிக்கிறது. ‘டேக் எ கேண்டர்’ என்பதில் வரும் ‘கேண்டர்’ ஆண் வாத்து. அது கழுத்தை நீட்டிப் பார்ப்பதிலிருந்து இத்தொடர் பிறந்தது.

முடிவுரை

நெல்சனுக்குச் சிலைகள் உள்ளன. கோடைவாவுக்கும் காவென்ட்ரியில் சிலை உண்டு. ‘தேக்கோ’ என்ற சிப்பாய்க்கும், அதைக் கேட்டு மனத்தில் வைத்த ஆங்கிலேய வீரனுக்கும் பெயர்கூட இல்லை. ஆனால் மொழிக்கு ஒரு புதிய சொல்லைச் சேர்த்தவர்கள் அவர்களே. எந்த மக்கள் எங்கே சந்தித்தனர், யார் யாருக்கு ஏவலிட்டனர் என்பதற்கு இத்தகைய சிறு சொற்கள் சான்றாகின்றன. மாணவர்கள் ஒரு மரபுத்தொடரைக் கற்கும்போது அதன் கதையோடு ஆண்டையும் சேர்த்துக் கேட்டால், மொழியோடு வரலாற்றையும் கற்றவர் ஆவர்.