வெயிற் காப்பின் வரலாறு



இலங்கையின் தாளிப்பனை ஓலையைப் பற்றி றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலிலே வியந்து எழுதியுள்ளார். கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தவர் அவர். ஓர் ஓலை 15, 20 பேரை மழையில் நனையாது மறைக்கும் என்றும், அதனை விசிறிபோல் மடித்து வைத்திருந்து வழிநடையில் வெயிலுக்குத் தலைமேற் பிடித்துக்கொள்வர் என்றும் அவர் விவரிக்கிறார். வெயிலிலிருந்து உடலைக் காத்த வரலாறு இத்தகைய ஓலையிலும் துணியிலுமே தொடங்குகிறது. கடைகளில் விற்கும் பூச்சுக்கள் அதன் கடைசி அத்தியாயத்திலேதான் வருகின்றன. இந்த முறையை மனங்கொண்டால், எந்தப் பூச்சு நல்லது என்ற வினாவிற்கு விடை காணுதலும் எளிதாகும்.

நம்மை ஆண்ட வெள்ளையரின் காப்பு வேறு வகையானது. சதுப்பு நிலங்களிலும் குளங்களிலும் வளரும் நெட்டிச் செடியின் மென்மையான உட்பகுதியைச் சீவி, ஒட்டி, மேலே துணி போர்த்திச் செய்த தொப்பியே அது. மாலையும் பொம்மையும் செய்யப் பயன்பட்ட நெட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆட்சியாளரின் தலைக்கு ஏறியது. வெப்ப நாட்டுச் சூரியனின் கதிர்கள் மண்டையோட்டை ஊடுருவி மூளையைக் கெடுக்கும், முதுகெலும்பையும் தாக்கும் என்று அக்கால ஐரோப்பிய வைத்தியர் பலர் நம்பினர். முதுகிலே கம்பளித் திண்டு கட்டிக்கொண்டு நடந்தோரும் உண்டு! அக்கொள்கை முற்றும் பிழையானது. வெயிலில் மயங்கி விழுதல் உடற்சூடு தணியாமையால் நேர்வது. ஆயினும் தொப்பியின் அகன்ற விளிம்பு முகத்திற்கும் பிடரிக்கும் நிழல் தந்தது. காரணம் தவறாயிருந்தும் காரியம் பலித்தது எனலாம். நாளடைவில் அது வெயிற் காப்பு என்ற நிலையினின்று அதிகாரச் சின்னமாயிற்று. தோட்டத்துத் துரையின் தலையில் நெட்டித் தொப்பி; கொழுந்து பறித்த பெண்ணின் தலையில் மடித்த துணி. அத்துணி செய்த வேலை தொப்பி செய்த வேலைக்குக் குறைந்ததன்று என்பது என் எண்ணம். இரண்டாம் உலகப் போரிலே பர்மாக் காடுகளில் வீரர்கள் இத்தொப்பி இன்றியே போரிட்டனர். அதன்பின் அதன் மதிப்பு மறைந்தது.

உண்மையான காரணம் வேறிடத்தில் வெளிப்பட்டது. 1801இல் ஜேர்மனியின் யேனா நகரிலே ரிற்றர் என்பவர், நிறமாலையில் ஊதாவிற்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தோன்றாத இடத்தில் வைத்த வெள்ளிக் குளோரைட்டு விரைந்து கறுப்பதைக் கண்டார். கழியூதாக் கதிர்கள் அறியப்பட்டது இவ்வாறே. 1894இல் ஹம்பேர்க் துறைமுக நகரின் தோல் வைத்தியர் உன்னா, கடலோடிகளின் முகத்திலும் கைகளிலும் தோல் தடித்து, நிறம் மாறி, சிலரிடம் புற்றுநோயாவதை ஆராய்ந்து, அதற்கும் வெயிலுக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார்.

அவர் சொல்லை உலகம் உடனே கேட்கவில்லை. 1920களில் வெயிலிற் பொன்னிறமாதல் ஐரோப்பாவிலே நாகரிகமாயிற்று. 1930களில் பிரான்சில் லொறியால் நிறுவனம் விற்ற எண்ணெய், தோல் வேகாமல் நிறம் மட்டும் மாற விரும்பியோருக்கானது. பூச்சுத் தொழிலின் பிறப்பிலேயே இந்தக் குழப்பம் இருந்தது.

தெளிவு வந்தது அவுஸ்திரேலியாவில். வெண்ணிற மக்கள் கடும் வெயிலில் வாழும் அந்நாட்டிலே தோற் புற்றுநோய் மிகுதி. 1981இல் விக்ரோரியா மாநிலத்தில் தொடங்கிய பிரசாரம் மக்களுக்கு மூன்று காரியங்களைச் சொன்னது: சட்டையை அணிக, பூச்சைப் பூசுக, தொப்பியை வைக்க. சட்டைக்கே முதலிடம் தந்ததைக் கவனியுங்கள். பின்னர் 1992இல் குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்னும் ஊரில் 1,621 பேரைக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. நாள்தோறும் தலை, கழுத்து, கைகளிற் பூச்சிட்டவர்களை, விரும்பியபோது மட்டும் பூசியவர்களோடு ஒப்பிட்டனர். ஏறத்தாழ நாலரை ஆண்டுகளில் ஒருவகைத் தோற் புற்றுநோய் சுமார் 40 வீதம் குறைந்திருந்தது. மற்றொரு வகை குறையவில்லை. பூச்சுக்குப் பயனுண்டு, எல்லையும் உண்டு என்பது அங்கே புலனாயிற்று.

இனிப் பூச்சின் தேர்வு. 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் வெளியிட்ட முன்மொழிவிலே, பாதுகாப்பும் பயனும் உடையனவாகக் கொள்ளத்தக்கவை இரண்டே என்றது: நாக ஒட்சைட்டு, தைத்தானியம் ஈரொட்சைட்டு. இரண்டும் தோலின் மேலே தங்கும் வெண்பொடிகள். வேறு 12 பொருள்களுக்கு மேலும் ஆய்வு தேவை என்றது. அவற்றுட் சில இரத்தத்திலே சேர்வது பின்னர் அளந்து காட்டப்பட்டது. இரத்தத்திற் சேர்ந்தமையாலேயே தீங்கு விளைந்தது என்று கொள்ளலாகாது. எனினும் இரண்டும் கிடைக்குமிடத்து வெண்பொடிப் பூச்சை நாடுவதே அறிவு. பவளப் பாறைகளுக்குக் கேடு என்று கருதி, ஒட்சிபென்சோன் முதலிய இரு பொருள்கள் கலந்த பூச்சுக்களின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 முதல் தடுத்தது. காப்பு எண் 30 உள்ள பூச்சு, தோலைச் சுடும் கதிர்களில் 100க்கு 97 பங்கைத் தடுக்கும். ஆனால் தாராளமாகப் பூச வேண்டும், இரண்டு மணிக்கு ஒருமுறை மீளப் பூச வேண்டும்.

இயற்கை என்ற சொல்லையும் ஆராயாமல் ஏற்கலாகாது. தேங்காயெண்ணெயும் சந்தனமும் தோலுக்கு இதம் தரும். நண்பகல் வெயிலைத் தடுக்கப் போதா. தேசிக்காய்ச் சாற்றை முகத்திற் பூசி வெயிலிற் சென்றால் தோல் கொப்பளிக்கும்.

கறுத்துவிடுவோம் என்று அஞ்சி விளையாட்டு முற்றத்திற்கு வர மறுக்கும் மாணவியரை ஆண்டுதோறும் காண்கிறேன். வெயிற் காப்பு வேறு, வெளுப்பாக்கல் வேறு. மெலனின் என்னும் கருநிறப்பொருள் நம் தோலிலே இயல்பாயமைந்த குடை. அதனைக் கரைக்க முனைவது குடையைக் கிழிப்பதாகும். வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றிலே பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தைத் தாக்கும். மினமாட்டா உடன்படிக்கையின் விதிப்படி, பாதரசம் மிகுந்த அழகுப் பூச்சுக்களின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020க்குப் பின் விலக்கப்பட்டன. இருந்தும் பல நாடுகளிலே அவை களவாக விற்கப்படுகின்றன.

கருநிறத் தோலுக்கு வெயிலால் வரும் புற்றுநோய் குறைவு. உதட்டையும் கண்ணையும் அது அவ்வளவாகக் காப்பதில்லை. உன்னா கண்ட கடலோடிகளைப் போலவே நம் கரையோர மீனவரும் மேலிருந்து வரும் வெயிலோடு நீரிலிருந்து தெறிக்கும் வெயிலையும் தாங்குகின்றனர். அவர்களின் கண்ணிலே வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதற்கு அது ஒரு காரணம். அவர்களுக்கு அகன்ற பனையோலைத் தொப்பி, முழுக்கைச் சட்டை, கழியூதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஆகிய மூன்றும் முதலில் வேண்டும்; மூக்கிற்கும் உதட்டிற்கும் வெண்பூச்சு அடுத்தபடியாக.