குறைமின் செயலி (மலிவு மடிக்கணினித் தேர்வில்)

மலிவு மடிக்கணினிகளில் இடம்பெறும், ஏறத்தாழ 6 முதல் 15 வாட் வரம்புள்ள செயலி. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கு அரசின் எல்காட் நிறுவனம் மடிக்கணினிகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. அங்கே தரத்தை டெண்டர் விதிகள் தீர்மானித்தன. ஏற்காடு வட்டத்து மஞ்சக்குட்டையில் சொந்தப் பணத்தில் வாங்கும் குடும்பத்துக்கு அந்தக் காப்பு இல்லை. பெட்டியில் அச்சிட்ட எண்களே வழிகாட்டி. அவற்றில் வாட் எண்ணைவிடச் செயலியின் தலைமுறையே முக்கியம். இன்டெல் செலரான் என்4020, 2023இல் வந்த என்100 இரண்டுமே 6 வாட்தான். முன்னதில் 2 கோர், பின்னதில் 4 கோர்; அதன் ஒவ்வொரு கோரும் முன்னதன் கோரைவிட வேகமானது. ஏஎம்டி ரைசன் 3 7320யு பெயரில் எண் 7 என்று தொடங்கிப் புதியதுபோல் தோன்றினாலும், அதன் கோர் 2019இல் அறிமுகமான ஜென் 2 வகை.

மின்தடை வரும் மலையூருக்கு வாட் குறைந்ததே நல்லது என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் வாட் எண் என்பது தொடர்ந்த சுமைக்கான வெப்ப வரம்பு. பாடம் படிக்கும்போது 15 வாட் செயலியும் அதில் சிறு பங்கையே எடுக்கும். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில் அதன் வாட்-மணி அளவுக்கும் திரையின் வெளிச்சத்துக்கும் பெரும் பங்குண்டு. தட்டச்சுக்குப் பழைய செலரானே போதும் என்பதும் அரை உண்மை: அதனுடன் 4 ஜிபி ராம் மட்டும் இருந்தால், காணொளி வகுப்பும் உலாவியும் சேரும்போது திணறும். 7320யு செயலியுடன் வரும் ராம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. பின்னர் கூட்ட வழியில்லை. வாங்கும்போதே 8 ஜிபி கேட்க வேண்டும்.