அபிதாபமும் வெப்பமானியும்

மனிதருக்கு வந்தால் ஜ்வரம், குதிரைக்கு அபிதாபம், யானைக்குப் பாகலம், பசுவுக்கு ஈசுவரம். பாலகாப்பியர் பெயரால் வழங்கும் சமஸ்கிருத மருத்துவ மரபு ஒரே நோய்க்கு உயிர்தோறும் வேறு பெயர் வைத்திருக்கிறது. நீருக்கும் நிலத்துக்கும்கூட அதில் காய்ச்சல் உண்டு. (நிலத்தின் காய்ச்சல் ஊஷரம், அதாவது உவர்.) விலங்குகளிடத்தில் ஜ்வரம் பல பெயர் பெறும் என்பதைச் சரக சம்ஹிதையும் குறிப்பிடுகிறது.

கலைச்சொல் வளத்துக்கு இதைச் சான்றாகக் காட்டிவிட்டு நகர்வதே வழக்கம். எனக்கு எழுந்த கேள்வி வேறு. தனக்குச் சுடுகிறது என்று சொல்ல இயலாத உயிரின் காய்ச்சலை எதைக்கொண்டு அறிந்தார்கள்?

'அபிதாபம்' என்பதன் வேர் 'தப்'. சூடாதல் என்று பொருள். நம் 'காய்ச்சல்' 'காய்' என்னும் வினையிலிருந்து பிறந்ததைப் போன்றதே இதுவும். ஆனால் வட இந்திய லாயங்களில் குதிரைகளைக் கொன்ற ஒரு காய்ச்சலின் பெயர் 'சர்ரா'. அழுகியது என்னும் பொருளுடைய இந்திச் சொல்லோடு அதைச் சிலர் இணைக்கிறார்கள். மூச்சிரைப்பொலியைச் சுட்டும் மராத்திச் சொல்லோடு சில அகராதிகள் இணைக்கின்றன. எது சரியாயினும் இரண்டிலும் சூடு இல்லை. நூலோர் வெப்பத்தால் பெயரிட்டனர். லாயத்தார் கண்ணுக்கும் காதுக்கும் பட்டதால் பெயரிட்டனர்.

அதற்குக் காரணம் அந்நோயின் இயல்பிலேயே இருக்கிறது. சர்ராவில் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். காதைத் தொட்டுப் பார்க்கும் கை, காய்ச்சல் விட்ட நாளில் ஒன்றும் அறியாது. கால் வீங்கி, உடல் மெலிந்த பிறகுதான் நோய் புலப்படும். 1880இல் தேரா இஸ்மாயில் கானில் குதிரைகளும் ஒட்டகங்களும் மடிந்தபோது, கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் அவற்றின் இரத்தத்தில் நெளியும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு, அதுவே நோய்க்குக் காரணம் என்றார். அன்றைய மருத்துவ அறிஞர்கள் அதை ஏற்கத் தயங்கினர். இன்று அவ்வுயிரி டிரிப்பனோசோமா எவன்சி என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகும் நாட்களில் வெப்பம் ஏறுவதும், அது மறையும் நாட்களில் இறங்குவதும் நாள்தோறும் அளந்து எழுதினால்தான் தெரியும்.

அப்படி அளக்கும் வழக்கமே அப்போது புதியது. வுண்டர்லிஷ் நோயாளிகளின் வெப்ப ஏற்ற இறக்கங்களைத் தொகுத்து நூலாக்கியது 1868இல். சற்று முன்புதான் ஆல்பட் ஆறு அங்குல வெப்பமானியை வடிவமைத்திருந்தார். அதற்கு முந்தையவை ஓரடி நீளம், அளக்க இருபது நிமிடம். துள்ளும் குதிரைக்குட்டியிடம் அதைக் கொண்டு போவதை எண்ணிப் பாருங்கள்.

வெப்பமானி வந்ததும் அபிதாபமும் ஜ்வரமும் ஒரே அளவுகோலில் விழுந்தன. பெயர்கள் கரைந்து எண் நின்றது. ஆயினும் அந்த எண்ணும் உயிருக்கு உயிர், வயதுக்கு வயது பிரிந்தே நிற்கிறது. வளர்ந்த குதிரைக்கு ஏறத்தாழ 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு, குட்டிக்கோ 38.9 வரைகூட இயல்பே. தாயின் கணக்கில் குட்டியை அளப்பவர் இல்லாத நோயைக் காண்பார். இதற்கு நேர்மாறான பிழையே கொடியது. 1923இல் சுவீடனில் மாக்னுசன் விவரித்த ரோடோகாக்கஸ் ஈக்வி என்னும் நுண்ணுயிரி, சில மாத வயதுக் குட்டிகளின் நுரையீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். குட்டி பால் குடிக்கும், ஓடி ஆடும். இருமல் தொடங்கும்போது நோய் முற்றியிருக்கும். அதனால்தான் அந்நோய் நிலைத்துவிட்ட பண்ணைகளில் ஆசனவாய் வழியே தினமும் வெப்பம் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் உண்டு. பிறந்து ஓரிரு நாளே ஆன குட்டியிடம் இந்த எண்ணையும் நம்ப முடியாது; இரத்தத்தில் கிருமி பரவியிருக்கும்போதே வெப்பம் இயல்பாகவோ, அதற்குக் கீழேயோ இருக்கலாம்.

அந்த நுரையீரல் நோய்க்குத் தரும் எரித்ரோமைசின் மருந்து குட்டியின் வியர்வையைக் குறைத்துவிடும். வெயிலில் நின்றால் உடல் கொதிக்கும். அது காய்ச்சல் அன்று, வெளியேற வழியற்ற வெப்பம். வெப்பமானி இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். அபிதாபம் என்ற சொல்லும் அவ்விரண்டையும் பிரிப்பதில்லை. குட்டியை நிழலுக்குக் கொண்டுபோய்ச் சிறிது நேரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பவர்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.