வட்டுகள் தம் வரிசையைத் தாமே எழுதிக்கொண்ட வரலாறு

செய்தித்தாளில் 'ரெய்டு' என்றால் வருமான வரிச் சோதனை. கணினி அறையில் அதே ஒலி வேறொரு பொருளைச் சுட்டும்: பல ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாகப் பிணைத்து, அவற்றுள் ஒன்று பழுதானாலும் தரவு அழியாதபடி காக்கும் முறை. களஆய்வு ஒலிப்பதிவுகளையும் சுவடிப் படிமங்களையும் சேமிக்கும் நம் துறைகளுக்கு இது அந்நியமான பொருளன்று. இதன் வரலாற்றைப் பெரும்பாலும் வேகம், கொள்ளளவு என்னும் கோணங்களிலேயே எழுதுகிறார்கள். ஆவணக் காப்பு பற்றி எண்ணுவோருக்கு வேறொரு கேள்வி முதன்மையானது: பல வட்டுகளில் பிரிந்து கிடக்கும் துண்டுகளை எந்த வரிசையில் சேர்ப்பது என்னும் அறிவு எங்கே குடியிருக்கிறது?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1987 இறுதியில் துறை அறிக்கையாகவும், 1988இல் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டிலும் வெளிவந்தது. 7,500 மெகாபைட் கொள்ளும் ஐபிஎம் 3380 என்னும் பெருவட்டுக்கு மாற்றாக, 100 மெகாபைட் கொள்ளும் சிறு வட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். அதிலிருந்த இடரையும் அவர்களே கணக்கிட்டார்கள். ஒரு வட்டு பழுதாகச் சராசரியாக 30,000 மணிநேரம் ஆகுமெனில், 100 வட்டுகளின் கூட்டத்தில் முதல் பழுது சராசரியாக 300 மணிநேரத்தில், அதாவது இரண்டு வாரத்திற்குள் நேரும். எனவே மிகைத் தகவல் இன்றியமையாதது.

அம்மிகையின் இயக்கம் எளிது. 7, 4, 9 என்னும் எண்களை மூன்று வட்டுகளில் எழுதி, அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20ஐ நான்காவதில் எழுதினால், எந்த ஒன்று தொலைந்தாலும் மற்ற மூன்றிலிருந்து அதை மீட்கலாம். கணினி கூட்டலுக்குப் பதில் இரும எண்களின் மீது 'எக்ஸார்' என்னும் செயலைப் பயன்படுத்துகிறது; அடிப்படை ஒன்றே. இக்கூறுகள் யாவும் 1988இல் பிறந்தவை அல்ல. ஒரே தரவை இரு வட்டுகளில் எழுதும் வழக்கம் முன்பே இருந்தது. பழுதான வட்டின் தரவை மீட்கும் முறைக்கு ஐபிஎம்மைச் சேர்ந்த நார்மன் கென் ஓச்சி 1978இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லி மூவரின் பெரும்பங்களிப்பு பெயரிட்டதும், 1 முதல் 5 வரை நிலைகளாக வகைப்படுத்தியதும் ஆகும். பெயரின் நடுவிலிருந்த 'ஐ' என்னும் எழுத்து முதலில் 'மலிவான' என்பதைக் குறித்தது. பின்னர்த் தொழில்துறை அதைத் 'தனித்தியங்கும்' என்று மாற்றிக்கொண்டது. விலையுயர்ந்த கருவிகளை விற்போருக்கு 'மலிவு' என்ற சொல் உகந்ததாக இருந்திருக்காது.

அக்கருவிகளில் வட்டுகளைப் பிணைக்கும் பணியைத் தனியான கட்டுப்பாட்டு அட்டை செய்தது. எந்தத் துண்டு எந்த வட்டில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கே உரிய வடிவில் குறித்தது. வட்டுகள் அனைத்தும் நலமாக இருந்தும் அட்டை மட்டும் பழுதானால், அதே வகை அட்டை கிடைக்கும் வரை தரவு கைக்கெட்டாது. வரிசை பற்றிய அறிவு அங்கே நிறுவனத்தின் உடைமை.

இதே பணியை இயங்குதளமே செய்வது மென்பொருள் ரெய்டு. லினக்ஸில் 'எம்டி' என்னும் இயக்கி 1996இல் 2.0 பதிப்பின் கெர்னலில் இடம்பெற்றது. தொடக்கத்தில் வட்டுகளைக் கோக்கும் விவரத்தை நிர்வாகி ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. அறிவு நிறுவனத்திடமிருந்து நிர்வாகியிடம் வந்தது. ஆயின் அக்கோப்பு தொலைந்தாலோ வட்டுகளின் வரிசை அதில் பிழைபட்டாலோ தரவுக்கே ஊறு.

ஓலைச்சுவடி அறிந்தோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தால், ஏட்டின் ஓரத்தில் பொறித்த எண்ணே அவற்றை மீண்டும் கோக்க உதவும். மென்பொருள் ரெய்டும் இத்தீர்வையே வந்தடைந்தது. ஒவ்வொரு வட்டிலும் 'சூப்பர்பிளாக்' என்னும் சிறு பகுதியில் அணியின் அடையாள எண், ரெய்டு நிலை, மொத்த வட்டுகள், அவற்றுள் இவ்வட்டின் இடம் ஆகியவை எழுதப்பட்டன. நீல் பிரவுன் 2001இல் வெளியிட்ட 'எம்டி ஆட்ம்' என்னும் கருவி, தனிக்கோப்பு ஏதுமின்றி, வட்டுகளைப் படித்தே அணியைக் கட்டியெழுப்பியது. சூப்பர்பிளாக்கில் ஒரு நிகழ்வெண்ணும் உண்டு. இடையில் விலகிய வட்டின் எண் பின்தங்கி நிற்பதால், எது பழைய பாடம், எது புதிய பாடம் என்பதைக் கருவி தானே தெளிகிறது.

இதிலும் ஒரு குறை இருந்தது. 0.90 என்னும் தொடக்க வடிவம், எழுதிய கணினியின் பைட்டு வரிசையையே பின்பற்றியது. ஆகவே எதிர் வரிசையில் படிக்கும் வேறுவகைக் கணினியால் அதை நேரடியாகப் புரிந்துகொள்ள இயலவில்லை. பின்வந்த 1.x வடிவங்கள் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வரிசையை விதித்தன. எழுத்து இருந்தால் மட்டும் போதாது, எத்திசையில் படிப்பது என்னும் உடன்பாடும் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஏட்டெண் வரிசையைக் காக்கும். ஏட்டைக் கரையான் அரிப்பதைத் தடுக்காது. ரெய்டும் அத்தகையதே. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், இரட்டை வட்டுகளிலும் அது ஒருசேர அழியும். ஆகவே ரெய்டு காப்புநகலுக்கு ஈடாகாது. வேறிடத்தில் தனிநகல் வேண்டும். மேலும், ஒரு வட்டு செத்த பின்னும் அணி ஏதும் நிகழாததுபோல் இயங்கும். 'எம்டிஸ்டாட்' கோப்பில் நலமான வட்டுக்கு 'யு' எழுத்து நிற்கும். செத்ததன் இடத்தில் ஓர் அடிக்கோடு மட்டும் தோன்றும். இரண்டாவது வட்டும் விழுவதற்குள் அந்த அடிக்கோட்டை ஒருவர் கண்டாக வேண்டும். மின்னஞ்சலில் எச்சரிக்கும் வசதி கருவியிலேயே உண்டு. அந்த அஞ்சல் யாரும் திறவாத முகவரிக்குச் செல்லாதிருக்க வேண்டும்.

துறைக்குச் சேமிப்பகம் வாங்கும் குழுக்களில் கொள்ளளவும் விலையும் தவறாமல் பேசப்படுகின்றன. ஆய்வாளர்கள் அங்கே கூடுதலாக ஒரு கேள்வியை எழுப்பலாம்: இந்தப் பெட்டி பத்தாண்டு கழித்துப் பழுதானால், இவ்வட்டுகளை வேறு எந்தக் கணினி படிக்கும்? விடை ஒரு நிறுவனத்தின் பெயராக மட்டும் இருந்தால், நம் தரவின் ஏட்டெண் இன்னும் நம் கையில் இல்லை.