கிட்டியும் ஒப்புதல் வாக்குமூலமும்: சென்னை மாகாணக் காவல்துறைத் தோற்றத்தின் ஒரு கூறு

நவீன சமூகத்தில் காவல்துறையின் பணியை ஆராயும் எழுத்துகள் பலவும் 1861ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்திலிருந்து தொடங்குகின்றன. தமிழகத்திற்கு இத்தொடக்கம் பொருந்தாது. சென்னை மாகாணம் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தின் வழியாகத் தனக்கெனக் காவல்துறையை அமைத்துக்கொண்டது. அச்சட்டத்தின் பின்புலமாக 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைச் சுட்டுவது வழக்கம். அதற்கும் முன்னதாக, 1854-55இல் நடைபெற்ற சித்திரவதை விசாரணையே சென்னையைப் பொறுத்தவரை முதன்மையான பின்புலமாகும். அவ்விசாரணை சுட்டிய குறைக்குச் சட்டம் அளித்த தீர்வு முழுமையானதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி ஏற்படுத்திய அமைப்பில் கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். வட்ட அளவில் தாசில்தாரும், ஊர் அளவில் கிராமத் தலைவரும் தலையாரியும் காவல் பணியைக் கவனித்தனர். நிலவரியைத் தண்டிய கையே திருடனையும் பிடித்தது. தென் மாவட்டங்களில் இதற்குப் புறம்பாகப் பழைய காவல் முறையும் நீடித்தது. காவற்கூலி பெற்ற காவல்காரர், களவு போன பொருளை மீட்க இயலாதபோது அதற்கு ஈடு தரக் கடமைப்பட்டவர். இம்முறையைப் பொற்காலமாகப் புனைய வேண்டியதில்லை. களவுபோன மாட்டைத் திரும்பப் பெறத் துப்புக்கூலி கொடுக்க வேண்டியிருந்த உழவரின் நிலை அதற்குச் சான்று. ஆயினும் காவல் தவறினால் பொறுப்பு யாருடையது என்னும் கேள்விக்கு அம்முறையில் ஒரு விடை இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்வந்த அமைப்பில் பொறுப்பு ஊரை நோக்கியதாக அன்றி மேலதிகாரியை நோக்கியதாகவே அமைந்தது.

வரி தண்டுவதில் குடிகள் வதைக்கப்படுவது குறித்து 1854ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் மக்களவையில் பேச்சு எழுந்தது. அதனைத் தொடர்ந்து இ. எஃப். எலியட், ஹென்றி ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட குழுவைச் சென்னை அரசாங்கம் அமர்த்தியது. 1855இல் அறிக்கை வெளிவந்தது. குழுவிடம் வந்த புகார்கள் 1,959. இவற்றுள் 519 நேரில் கூறப்பட்டவை. 1,440 எழுத்து வழி வந்தவை. வதை முறைகளைக் குறிக்க அறிக்கை ஆளும் சொற்களுள் இரண்டு தமிழ்ச் சொற்களாகவே நிற்கின்றன. ஒன்று, விரல் முதலிய உறுப்புகளை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி. மற்றொன்று, கழுத்தையும் கால்விரல்களையும் துணியாலோ கயிற்றாலோ பிணைத்து உடலை வளைத்து நிறுத்தும் அண்ணாந்தாள். ஆங்கில அறிக்கையும் அவற்றை அப்பெயர்களாலேயே வழங்கியது என்பது அம்முறைகள் எவ்வளவு பழகியவை என்பதைக் காட்டுகிறது.

அறிக்கையின் வலுவான பகுதி வதைகளின் பட்டியல் அன்று. புகார் செய்தவர் பட்ட பாட்டைக் கூறும் பகுதியே. கலெக்டரைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டும். வழிச்செலவு ஒருபுறம், கவனிப்பாரற்றுக் கிடக்கும் நிலம் மறுபுறம். இவ்வளவும் பட்டு அளித்த மனு பெரும்பாலும் விசாரணைக்கெனத் தாசில்தாரிடமே திரும்பி வந்தது. வதைத்தவரின் அலுவலகமே வதையை விசாரித்தது. இவ்வளவு தெளிவாகக் கண்ட குழு, பழியைச் சுதேசிக் கீழ்நிலை ஊழியர் மேல் சுமத்தி ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், இந்த முடிவு குழு தானே திரட்டிய சான்றுகளோடு முரண்படுவதைச் சுட்டினார். அவருடைய அரசியலை ஏற்காதவரும் இக்குற்றச்சாட்டை மறுப்பது கடினம்.

1859ஆம் ஆண்டுச் சட்டம் காவலை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. வில்லியம் ராபின்சன் தலைமையில் தனித்த காவல்துறை உருவாயிற்று. கிஸ்தி கட்டாத உழவன் மேல் காவலரை ஏவும் வாய்ப்பு தாசில்தாரிடமிருந்து நீங்கியது. இது சிறிய மாற்றமன்று. ஆனால் வரிக்கான வதைக்கும் வழக்கிற்கான வதைக்கும் வேர் வேறு. முன்னதன் வேர் இரட்டை அதிகாரம். பின்னதன் வேர், ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டே குற்றத்தை நிறுவும் பழக்கம். துறையைப் பிரித்தது இரண்டாவதைத் தொடவில்லை.

அதைத் தொட முயன்றவை 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் ஆகும். காவல் அதிகாரியிடம் கூறப்படும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்று சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விதித்தது. இதற்குச் சென்னை அறிக்கை மட்டுமே காரணம் என்பது மிகை. பிற மாகாணங்களின் அனுபவமும் சட்ட ஆணையத்தாரின் கவலையும் சேர்ந்தே இவ்விதியை உருவாக்கின. அச்சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், இந்திய அனுபவம் மிக்க அதிகாரி ஒருவர் தம்மிடம் கூறியதைப் பின்னாளில் பதிவு செய்துள்ளார். வெயிலில் அலைந்து சான்று தேடுவதைவிட, நிழலில் அமர்ந்து ஒருவன் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது எளிது என்பது அதன் சாரம். வதையின் காரணம் கொடூர மனம் மட்டுமன்று, புலனாய்வின் சோம்பலும்தான் என்னும் இக்கருத்து குழுவின் அறிக்கையைவிடக் கூர்மையானது.

ஆயினும் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. காவலில் உள்ளவர் கூறியதன் வழியாக ஒரு பொருண்மை கண்டறியப்பட்டால், அக்கூற்றில் அதனோடு தெளிவாகத் தொடர்புடைய பகுதி சான்றாகும். மறைத்த கத்தி கிடைத்தால் சொல் நம்பத்தக்கதாகிறது; சொல் எவ்வாறு பெறப்பட்டது என்பது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இவ்வாயிலின் அகலம் குறித்த புகழ்பெற்ற தீர்ப்பும் சென்னை மாகாண வழக்கு ஒன்றிலிருந்தே பிறந்தது. புலுகுரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் 27ஆம் பிரிவுக்குக் குறுகிய பொருளே கொண்டது. அகலப் பொருள் கொள்வதாயின், தடையைக் கடக்கக் காவலரின் வற்புறுத்தும் ஆற்றலே போதுமானதாகிவிடும் என்னும் பொருள்பட நீதிபதி பியூமண்ட் அதில் எழுதினார். குழுவின் அறிக்கைக்கும் அத்தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்திருந்தன. இடையில் 1902-03இன் ஃபிரேசர் ஆணையம் காவல்துறையைத் திறனற்றதாகவும் ஊழல் மலிந்ததாகவும் மதிப்பிட்டிருந்தது.

காவல்துறையைச் சமூகத்தின் பாதுகாவலன் என்றோ அரசின் ஒடுக்குமுறைக் கருவி என்றோ ஒற்றைச் சொல்லில் அடக்கும் ஆய்வுகள் இவ்வமைப்பின் தனித்தன்மையைத் தவறவிடுகின்றன. குடிமக்களைக் கைது செய்யும் அதிகாரத்தை ஒரு துறைக்கு அளித்த அரசு, அத்துறையினர் முன் கூறப்பட்ட ஒப்புதலை நம்ப மறுக்கிறது. அவநம்பிக்கையைச் சட்டமாக்கிய அரசு, அதற்கு விலக்கையும் சட்டமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் பழைய 25, 26, 27ஆம் பிரிவுகள் 23ஆம் பிரிவாக ஒன்றிணைக்கப்பட்டுள்ளன. விலக்கு அதன் காப்புரையாக இடம்பெற்றுள்ளது.